மஞ்சள் சட்டையை மாப்பிள்ளை தேடட்டும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைப் பார்ப்பாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். கூடவே மும்பை மாட்டுங்காவில் வாங்கிய பருப்புப் பொடியும் வருகிறது.

விஷயம், உன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அந்த அட்டவணை. பெங்களூரில் உன்னோடு இருந்தபோது தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படித்தேன். காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி பதினொன்று வரை அரை அரை மணியாகக் கட்டம். உனக்கு ஊதா, குட்டிக்கு மஞ்சள், மாப்பிள்ளைக்குப் பச்சை. அழகாகத்தான் போட்டிருக்கிறாய். பச்சை எங்கே இருக்கிறது என்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. தங்கமான மனிதர். சொன்னால் எதையும் செய்கிறார். அந்த 'சொன்னால்' தான் இடிக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூல் குரூப்பில் 'நாளைக்கு யெல்லோ டே, எல்லாரும் மஞ்சள் சட்டை' என்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவரும் அந்த குரூப்பில் இருக்கிறார், ம்யூட்டில் போட்டுவிட்டு. நீதான் பார்த்தாய். நீதான் அலமாரியைக் குடைந்தாய். கடைசியில் அழுக்குக் கூடையின் அடியில் கிடந்ததை எடுத்து, "இதைக் கொஞ்சம் அலசிப் போடுங்க" என்று அவரிடம் நீட்டினாய். உடனே எழுந்து அலசி, ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் காயவும் போட்டார். அவருக்கு அது பத்து நிமிஷ வேலை. ஆறு மணிக்கு எழுந்து காலர் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தது யார்? அதற்கு உன் அட்டவணையில் கட்டமே இல்லை.

மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று எடுக்கிறது. 2024 கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவழிக்கிறார்கள். செய்கிற ஆண்கள், 88 நிமிஷம். இதற்கு முந்தைய 2019 கணக்கில் ஆண்களுக்கு 97 இருந்ததாம். ஏறும் என்று பார்த்தால் இறங்கியிருக்கிறது! அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நான் அந்த சராசரியில் சேர்த்தி இல்லை" என்றார். நியாயம்தான், அவர் சேர்த்தி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உனக்கு நாலு வயசு ஆகும்போது அப்பாவுக்கு ரெண்டாவது ஷிப்ட். முலுண்டில் நம் குடியிருப்பு சொசைட்டியில் விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறே காலுக்கு நின்றுவிடும். எனக்கு எட்டு மணி வாக்கில் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) போகும் ஃபாஸ்ட் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் ஆபீஸில் லேட் மார்க். அதனால் வேலைகளை உதிரி உதிரியாகப் பிரிக்காமல் மந்திரி சபை மாதிரி இலாகா இலாகாவாகப் பிரித்துக்கொண்டோம். சமையலும் மாதச் சாமானும் என்னுடையது. தண்ணீரும் உன்னை ஸ்கூலுக்குக் கிளப்புவதும் அப்பாவுடையது. கிளப்புவது என்றால் எழுப்புவதிலிருந்து, டைரியில் டீச்சர் எழுதியிருப்பதைப் படித்து, பென்சில் சீவி, இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுவது வரை. ஆரம்பத்தில் ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று தோளுக்குப் பக்கத்தில் இருக்கும். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தபோது, "பெத்தவ இருக்கும்போது பொம்பளப் பிள்ளைக்கு ஆம்பள தலை பின்னுறதா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் வாயே திறக்கவில்லை. சீப்பைக் கையில் வாங்கிச் சரி செய்யவும் இல்லை. ஒரு தடவை வாங்கியிருந்தால் அந்த இலாகா அன்றைக்கே என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் அப்பாவின் பின்னல் என்னுடையதைவிட இறுக்கமாக நின்றது. உன் சிநேகிதிகளின் அம்மாக்கள் என்னைப் பாராட்டினார்கள், நானும் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே ஸ்கூல் இலாகாவை முழுசாக மாப்பிள்ளையிடம் கொடு. குரூப், ஃபீஸ், பேரன்ட்ஸ் மீட்டிங், தடுப்பூசி அட்டை, சட்டை, எல்லாம். கொடுத்துவிட்டு அந்த குரூப்பிலிருந்து நீ வெளியே வந்துவிடு. மஞ்சள் நாளுக்குக் குட்டி நீலச் சட்டையில் போனால் போகட்டும். ரெண்டு தடவை போய் வந்தால் மூன்றாவது தடவை அவரே முதல் நாள் கேட்பார். உன் கை அரிக்கும், தெரியும். பொறுத்துக்கொள்.

சமையல் நேரத்தைக் குறைக்க நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவு, தேங்காயைத் துருவி ஃப்ரீஸரில் போடுவது, புளிக்காய்ச்சல், எல்லாம் செய்கிறாய். நாங்கள் கீரையை ரயிலில் ஆய்ந்தோம். லேடீஸ் டப்பாவில் நாலாவது சீட்டில் பாதி உட்கார்ந்து, மடியில் பேப்பர் விரித்து, வெந்தயக்கீரையைக் கிள்ளிக்கொண்டே வந்தால் காட்கோபர் தாண்டுவதற்குள் ராத்திரி சப்ஜி தயார். எதிரே இருக்கும் குஜராத்திப் பெண் பட்டாணி உரிப்பாள். வெஸ்டர்ன் லைனில் 1992-லேயே சர்ச்கேட்–போரிவிலி லேடீஸ் ஸ்பெஷல் என்று பெண்களுக்கே தனி ரயில் விட்டிருந்தார்கள்; சென்ட்ரல் லைன்காரியான எனக்கு இந்த டப்பாதான். உனக்கு ரயில் இல்லை, கேப். அதில் தூங்கு. அந்த நேரத்திலும் ஆபீஸ் மெயில் பார்க்காதே.

ஆனால் பத்து நிமிஷத்தில் சாமான் கொண்டுவரும் அந்த ஆப் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. உடனே வந்துவிடும் என்கிற தைரியத்தில் நீ லிஸ்டே போடுவதில்லை. காலையில் கொத்தமல்லி, மத்தியானம் டயப்பர், சாயங்காலம் ரவை. ஒவ்வொன்றுக்கும் போனை எடுக்கிறாய், பெல் அடிக்கிறது, தூங்குகிற பிள்ளை முழித்துக்கொள்கிறது. மாதத்துக்கு ஒரு லிஸ்ட், வாரத்துக்கு ஒரு காய்கறி லிஸ்ட் போதும். விட்டுப்போன ஒன்றிரண்டுக்கு அந்தப் பையனைக் கூப்பிடு.

இனி உனக்குப் பிடிக்காத விஷயம். எதிர் பிளாட்டில் யார் என்று கேட்டேன். "யாரோ கன்னடக்காரங்கம்மா" என்றாய். இரண்டு வருஷமாக எதிரெதிர்க் கதவு.

2005 ஜூலை 26-ஆம் தேதி உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம், நாலாம் வகுப்பு. சாந்தாக்ரூஸில் அன்றைக்கு ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபா பக்கம் 73 தான். கொலாபாவுக்குப் பக்கத்தில் கோட்டை (ஃபோர்ட்) பகுதியில் இருந்த எங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் வழக்கமான ஜூலை மழை. நான் பாட்டுக்கு வவுச்சர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு வி.டி.யில் ரயில் நின்றுவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்ன பிறகுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. போன் போகவில்லை. அப்பா பாக்டரியில் மாட்டிக்கொண்டார். உன்னை ஸ்கூலிலிருந்து அழைத்து வந்தது மேல்மாடி மராத்திக்கார மாமி, நம் காக்கு. எப்படித் தெரியுமா? ஸ்கூல் டைரி முதல் பக்கத்தில் 'பிள்ளையை யாரிடம் அனுப்பலாம்' என்ற இடத்தில் அவர் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். அவர் வீட்டிலும் ஸ்கூல் நம்பர், உன் டாக்டர் நம்பர், நம் வீட்டு மாற்றுச் சாவி எல்லாம் ஒரு டப்பாவில் இருந்தது. அவருடைய பேத்தியின் டப்பா நம் வீட்டில். ராத்திரி ஆபீஸ் மேஜைமேல் படுத்தேன். மறுநாள் நடந்தும் லாரியில் தொற்றியும் வந்து சேர்ந்தபோது நீ அவர் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வரண்-பாத், அதுதான் அவர்கள் பருப்புச் சாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றாய்!

பெங்களூரில் அப்படி வராது என்று நினைக்காதே. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர் பக்கம் ஐ.டி.காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதை டிவியில் பார்த்தேன். ஒரு டப்பா தயார் பண்ணு. எதிர் வீட்டுக் கதவைத் தட்டு. வெறும் கையோடு போகாதே, பருப்புப் பொடியில் பாதியைக் கொண்டுபோ.

இன்னொன்று. உன் ஆபீஸில் கிரெச், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகம், இருக்கிறதா என்று கேட்டதற்கு, "தெரியலையே" என்றாய். பிரசவத்துக்கு எனக்குக் கிடைத்தது 12 வாரம். உனக்கு 26 வாரம் கிடைத்தது 2017-இல் வந்த சட்டத் திருத்தத்தால். அதே திருத்தத்தில்தான் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கிரெச் வசதி வேண்டும், அம்மா ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் வந்தது. உன் ஒரு மாடியிலேயே ஐந்நூறு பேர் இருப்பார்கள். சலுகை கேட்பதாக நினைக்காமல் ஹெச்.ஆரிடம் மெயிலிலேயே கேள், பதிலும் எழுத்தில் வரட்டும்.

என்ன பதில் வந்தது என்று போன் பண்ணு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேண்டாம், பஜனை இருக்கிறது. மாப்பிள்ளையை ரொம்ப விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா