ஒரே விலை யாருக்கு லாபம்? மின் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆணைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மின் நிலையங்களிடமிருந்து மின்சாரத்தை மொத்தமாக வாங்கும் சந்தையில் நாடு முழுக்க ஒரே விலை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் காற்றாலை மின்சாரம் குவிந்து கிடக்க, அதை மறுபக்கம் கொண்டுபோகும் மின்பாதை நிரம்பிவிட்டால், இந்தப் பக்கம் இன்னொரு யூனிட்டுக்கு மதிப்பே இல்லை, அந்தப் பக்கம் அதே யூனிட்டுக்கு எரிவாயு எரிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்?

பிரிட்டனில் பில்லுக்குள் போகிறது. ஸ்காட்லாந்துக் காற்றாலையை நிறுத்தச் சொல்லி ஒரு பணம், தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டச் சொல்லி இன்னொரு பணம், இரண்டையும் கட்டுவது நுகர்வோர்தான். அப்படியிருந்தும் நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடும் மண்டலவாரி விலை வேண்டாம் என்று 2025 ஜூலையில் அந்த அரசு முடிவெடுத்தது. இடத்துக்கு இடம் விலை மாறினால் என்ன ஆகுமோ என்ற முதலீட்டாளர்களின் பயத்தை நான் சாக்கு என்று ஒதுக்கவில்லை. நாளை எந்தப் பாதை நெரியும் என்று தெரியாமல் காற்றாலைக்கு நீண்டகாலக் கடன் கொடுக்க யாருக்கும் தயக்கம் வரும். ஆனால் மின்பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இணைப்புப் புள்ளிக்கும் தனி விலை போடும் அமெரிக்கச் சந்தைகளில், இரண்டு இடங்களுக்கு நடுவிலான விலை வித்தியாசத்துக்கு முன்கூட்டியே காப்பீடு மாதிரி ஒரு பாதுகாப்பை வாங்கி வைக்க வழி உண்டு. டெக்சாஸ் 2010 டிசம்பரில் இந்த முறைக்கு மாறியது, காற்றாலைகள் அங்கே அதற்குப் பிறகும் பெருகின.

சரி, விலை கூடும் பக்கம் குடியிருப்பவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இத்தாலியில் மின் நிலையங்களுக்கு மண்டல விலையும் வாங்குவோருக்கு நாடு தழுவிய சராசரி விலையும் பல வருடம் இருந்தன, அதுபோல வீடுகளைத் தாராளமாகக் காப்பாற்றுங்கள். டேட்டா சென்டருக்கும் பெரிய பேட்டரிக்கும் எதற்கு அந்தக் குடை? எங்கே போய் உட்காரலாம் என்று தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் அவர்கள்தான், அவர்களிடமே இடத்தின் விலையை மறைத்தால் நெரிசலான முனையிலேயே வந்து இறங்குவார்கள், அப்புறம் புதுப் பாதைக்கான செலவு எல்லார் தலையிலும்.

இப்போதே மாறுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பில்லுக்குப் பயன்படுத்தாவிட்டாலும், ஒவ்வொரு இணைப்புப் புள்ளியிலும் மணிக்கு மணி என்ன விலை வந்திருக்கும் என்று கணக்கிட்டு வெளியிடுங்கள். அதற்கு வேண்டிய விவரமெல்லாம் மின்தொகுப்பை இயக்குபவர்களிடம் இருக்கிறது. கூடவே, காற்றாலையை நிறுத்தக் கொடுக்கும் பணத்தையும் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள்.