தலையங்கத்தில் விடுபட்ட ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளைஞர் குற்றங்கள் பற்றிய தங்கள் தலையங்கம் பெற்றோரையும் பாடசாலையையும் கூட்டாளிமாரையும் நன்றாகவே சாடியிருந்தது. காதலன், காதலி என்ற பேச்சையே அதில் காணோம். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் படிப்பித்தவளுக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, கெட்டிக்காரி. உயர்தரம் படிக்கும்போது ஒருவனோடு பழக்கமானாள். முதலில் டியூஷனுக்குப் போகாமல் விட்டாள், பிறகு வீட்டில் காசு காணாமல் போனது. கடைசியில் அவன் கொடுத்த பார்சலோடு முச்சக்கர வண்டியில் பிடிபட்டாள். உள்ளே ஐஸ் போதைப்பொருள். இலங்கையின் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அது 5 கிராம் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும். நல்ல காலம், நிறை அவ்வளவு வரவில்லை. புதுக்கடை நீதிமன்ற வாசலில் தாய் அழுதார்: "டீச்சர், அவளுக்கு ஒரு கெட்ட பிரெண்டும் இல்லையே!" உண்மைதான், அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் தங்கமான பிள்ளைகள்.

அமெரிக்கப் பதின்வயதினரை வைத்துச் சமூகவியலாளர் டேனா ஹெய்னி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. நண்பர்களின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தாலும் காதல் துணையின் நடத்தை தனியாக வேலை செய்கிறது. சிறு தவறுகளில் பெண்பிள்ளைகளை அது கூடுதலாக இழுக்கிறது. பெரிய குற்றங்களில் ஆண், பெண் வித்தியாசமில்லை.

துணை ஆளைத் திருத்துவதும் உண்டு. பொஸ்டன் நகரில் குற்றம் செய்து பிடிபட்ட 500 சிறுவர்களைப் பற்றிய பழைய பதிவுகளைத் தோண்டிய குற்றவியல் ஆய்வாளர்கள் சாம்ப்சனும் லோபும், திருமண வாழ்வில் இருந்த காலத்தில் அவர்கள் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 35 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். 'கலியாணம் கட்டி வைத்தால் திருந்திவிடுவான்' என்று நம் ஆட்கள் இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிணைப்பு நல்லதாக இருந்தால்தான், அதுவும் மெல்ல மெல்லத்தான் பலன்.

நம் வீடுகளில் காதல் தெரியவந்ததும் என்ன நடக்கிறது? எந்த ஊர், என்ன சமயம், என்ன ஆட்கள் என்று விசாரணை. அடுத்தது அடி, போன் பறிப்பு. பிறகு பிள்ளைக்கு மனம்விட்டுப் பேச மிஞ்சுவது அந்தக் காதலன் ஒருவன்தான். அவன் இரவில் எங்கே போகிறான், கையில் காசு எப்படி வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. என் மகளிடம் நானும் முதலில் கேட்டது ஊரைத்தான்.

அந்தப் பிள்ளையைப் பிணையில் அழைத்து வந்த அன்று பார்க்கப் போனேன். தன் வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. "டீச்சர், அவருக்குப் பிணை கிடைச்சதா?" என்றுதான் கேட்டாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழும்பு 13