கோடு போட்டுக் கடந்த கதவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

என் கணவர் கடந்த செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நடந்தவை உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும் என்பதால் அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை. தீபாவளியும் மாநகரத் தேர்தலும் ஒன்றாக வந்த 2022 ஒக்டோபர் 24ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்தபோது, காலையில் உடுத்த புதுச்சேலையுடனேயே மருத்துவமனையின் நடைகூடத்தில் நின்றிருந்தேன். நான் தோற்ற செய்தியும் அங்கேதான் வந்தது. அதைக் கேட்டு அழுவதற்குக்கூட அப்போது மனத்தில் இடமிருக்கவில்லை.

கனடாவின் ரொறன்ரோ நகரில் பொதுப் பாடசாலைகளை நடத்தும் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் 22 உறுப்பினர்களில் ஒருவராக வரவேண்டும் என்று நான் போட்டியிட்டது இது இரண்டாவது தடவை. 47 ஆக உயரவிருந்த மாநகரசபை வட்டாரங்கள் தேர்தல் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே 25 ஆகக் குறைக்கப்பட்ட 2018ஆம் ஆண்டில், எங்கள் எல்லைகளும் மாறி, யாருடைய வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்றே தெரியாமல் நின்றது முதல் தடவை. இந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. நகரபிதா, மாநகரசபை உறுப்பினர் ஆகியோருக்கு வாக்களித்து முடித்தவர்களில் பலர் எங்கள் பெயர்களுக்கு வருவதற்கு முன்பே பேனாவை வைத்துவிடுகிறார்கள். நகரத்தில் பத்துக்கு மூவர்கூட வாக்களிக்க வராத இவ்வாண்டில், வந்தவர்களிலும் இப்படிச் சிலரை இழந்தோம். வரி விதிக்கும் அதிகாரமும் இந்தச் சபைக்கு இப்போது இல்லை. பணம் மாகாண அரசிடமிருந்துதான் வருகிறது. ஆனாலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முதல் விசேட தேவையுள்ள பிள்ளைக்கு ஒரு உதவியாளர் கிடைப்பது வரை பல விடயங்கள் அந்த மேசையில்தான் பேசப்பட்டன என்பதால், இரண்டு முறையும் விரும்பியே போட்டியிட்டேன்.

இம்முறை வீடு வீடாகச் சென்ற நாட்களில், செப்டெம்பர் மாதத்து மாலை ஒன்றில், ஸ்காபரோவின் தொடர்மாடி ஒன்றில் ஒரு முதியவர் கதவைத் திறந்தார். நான் என்னை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள், "பிள்ளை, நான் வேதக்காரன். பேரப்பிள்ளையள் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலை. என்ரை பேரும் அந்தச் சபைப் பட்டியலிலைதான் கிடக்கு. உமக்குப் போட எனக்கு வழியில்லை" என்றார். அவர் சொன்னது சரியே. ஒன்ராறியோவில் கத்தோலிக்கக் கல்விச் சபையின் ஆதரவாளராகப் பதிந்திருப்பவருக்கு அந்தச் சபைக்குரிய வாக்குச்சீட்டுத்தான் கிடைக்கும். அதில் என் பெயர் இராது. இதைப் பல கதவுகளில் நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்" என்று அழைத்தார். அந்த மாடியில் இன்னும் பதினான்கு கதவுகள் இருந்தன. நன்றி சொல்லிவிட்டு, கையிலிருந்த பட்டியலில் அவருடைய இலக்கத்தின் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டேன். யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான பாசையூரிலிருந்து வந்தவர் என்று இடையில் அவர் சொன்னது மட்டும் எப்படியோ நினைவில் தங்கியிருந்தது.

வேட்பாளரின் பெயரோடு முற்றங்களில் நடும் தேர்தல் பலகைகளை வாக்களிப்பு முடிந்து 72 மணித்தியாலத்துக்குள் அகற்றிவிட வேண்டும் என்பது நகரத்தின் விதி. தவறினால் நகரசபை அகற்றிவிட்டுக் கட்டணம் கேட்கும். எனக்கு அது நினைவிலேயே இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் உடைகள் எடுப்பதற்காக வீட்டுக்கு ஓடி வந்தபோது, வாகனத் தரிப்பிடக் கதவோரம் என் பலகைகள் எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. சேறு துடைக்கப்பட்டிருந்தது. கம்பிக் கால்கள் பத்துப் பத்தாக நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. மேலே ஒரு காகிதத்தில், "பிள்ளை, 83 இருக்கு. மூன்றைக் காணேல்லை. கம்பியளை எறியவேண்டாம், 2026க்கு உதவும்" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை.

தொண்டர்களில் ஒருவர்தான் செய்திருப்பார் என்று எண்ணி எல்லோரையும் கேட்டேன், ஒருவரும் இல்லை. கடைசியில் கயிற்றைப் பார்த்த என் மாமனார், "இது வலை கட்டிற ஆக்களின்ரை முடிச்சு" என்றார். அப்போதுதான் பாசையூர் என்ற சொல் திரும்ப வந்தது.

சனிக்கிழமை அந்தக் கதவைத் தட்டினேன். "ஆரோ செய்திருப்பினம்" என்று முதலில் மறுத்தார். பிறகு, காலையில் விளம்பரத் தாள்கள் போடுவதற்காகத் தான் நாளாந்தம் நடக்கிற தெருக்கள்தானே அவை என்றும், எந்த முற்றத்தில் எந்தப் பலகை நின்றது என்று தனக்குத் தெரியும் என்றும், மகனுடைய வான் வண்டியில் இரண்டு இரவுகளில் எடுத்து முடித்ததாகவும் சொன்னார். ஆஸ்பத்திரிக் கதையைக் கோயில் வாசலில் கேள்விப்பட்டாராம். "தோத்த பிள்ளையின்ரை பேர் மழையிலை விழுந்து கிடக்கக் கூடாது" என்றார். இம்முறை தேத்தண்ணி குடித்தேன். இரண்டு தடவை.

அவருடைய பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஐயா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால், அந்தக் கோட்டுக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். வாக்கு உள்ள வீடு, வாக்கு இல்லாத வீடு என்று ஆறு வாரங்களாக மனிதரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நடந்தவள் நான். தேர்தல் வேலை அப்படிப் பார்க்கத்தான் பழக்குகிறது. நேரம் குறைவு, கதவுகள் அதிகம். ஆனால் பிள்ளைகளின் கல்விக்காகப் பேச வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, நான்கு பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒருவரிடம் அவர்களுடைய படிப்பைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் வந்திருக்கிறேன் என்பது இப்போது உறுத்துகிறது.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மருத்துவமனைக்கு இடியப்பமும் சொதியும் மாறி மாறிக் கொண்டுவந்த அக்காமார், முற்கூட்டிய வாக்களிப்பு நாட்களில் முதியவர்களைத் தங்கள் காரில் ஏற்றி இறக்கிய தம்பிமார், துண்டுப்பிரசுரங்களை மடித்த உயர்பாடசாலைப் பிள்ளைகள், இருபது டொலரைக் கடித உறைக்குள் வைத்து ஆளுக்கொரு வாழ்த்தும் எழுதித் தந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் என் நன்றி. நிறுவனக் காசோலையை வாங்கச் சட்டம் இடம்தராது என்று நான் திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல், மறுநாள் தன் சொந்தக் கணக்கிலிருந்து எழுதிக்கொண்டு வந்த கடைக்கார அண்ணைக்கும் நன்றி. வேலைநிறுத்தத்தால் பாடசாலைகள் பூட்டப்பட்டிருந்த இந்த வெள்ளிக்கிழமை பதாகை பிடித்து நின்ற பாடசாலைப் பணியாளர்களில் சிலர் என் தொண்டர்களாகவும் இருந்தார்கள். தங்கள் சம்பளப் போராட்டத்துக்கு நடுவிலும் என் கணவரின் நலம் விசாரித்து அழைத்தார்கள்.

2026இல் மீண்டும் நிற்பீர்களா என்று சிலர் கேட்கிறீர்கள். அடுத்த மார்ச் மாத முடிவுக்குள் வரவு செலவு அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். அதுவரை வேறு எதையும் யோசிப்பதாக இல்லை. நின்றாலும் நிற்காவிட்டாலும், இனி ஒரு கதவில் தேத்தண்ணிக்கு அழைத்தால் இருந்து குடித்துவிட்டே வருவேன். இதை உங்கள் முன்னிலையில் சொல்லி வைக்கிறேன்.

கம்பிகளை எறியவில்லை. கயிற்று முடிச்சையும் அவிழ்க்கவில்லை. காணாமற்போன அந்த மூன்று பலகைகள் எங்காவது வேலியோரத்திலோ பற்றைக்குள்ளோ கிடப்பதைக் கண்டால் தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள்; நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஐயா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் வட்டாரத்தில் போட்டியிட்டவள்