மணியின் காதில் ஒரு உண்ணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்குத் தான்தோன்றீஸ்வரரை வேண்டுகிறோம். போனில் சொன்னால் "ஓமப்பா, ஓமப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி.

போன ஞாயிறு நீ இங்கிலாந்தின் பொக்ஸ் ஹில் மலையில் எடுத்துப் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் நாய் மணியின் இடது காதோரத்தில், மயிருக்குள், சாம்பல் நிறத்தில் ஆமணக்கங்கொட்டை போல ஒன்று தொங்குகிறது. அது உண்ணி. புதிதாக ஏறின உண்ணி இந்த அளவுக்கு இருக்காது. நாலைந்து நாள் இரத்தம் குடித்தால்தான் இப்படி ஊதும். அத்தனை நாளும் மணியின் காதை ஒருவரும் தடவிப் பார்க்கவில்லை. நீ அப்படி விடுகிற பிள்ளை இல்லை.

இந்நேரம் அது தானாக விழுந்திருக்கும். விழுந்தாலும் கடித்த இடத்தைப் பார், மற்ற இடங்களையும் பார். காதின் உட்புறம், கண் இமை, கழுத்துப் பட்டிக்குக் கீழே, கக்கம், தொடை இடுக்கு, விரல்களுக்கு நடுவே. கொக்கர் ஸ்பானியலுக்கு மயிர் அடர்த்தி என்பதால் கண்ணை நம்பாதே, விரல் நுனியால் தேடு. கூர்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேராக மேலே, ஒரே சீராக இழு. வெடுக்கென்று இழுத்தால் வாய் உள்ளே முறிந்து நிற்கும். வயிற்றை நசுக்காதே. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், நெருப்புக்குச்சி ஒன்றும் வேண்டாம். இங்கே எல்லாரும் செய்வதுதான், ஆனால் உண்ணி பதறினால் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கும். நோய் அப்படியும் ஏறும்.

இங்கத்தைய உண்ணிக் காய்ச்சலில் நாயின் ஈறு வெளிறும், சிறுநீர் கறுக்கும், உனக்குத் தெரியும். அங்கே பயப்பட வேண்டியது லைம் நோய். அது மனிதருக்கும் வரும். உண்ணி ஒரு நாளுக்குள் கழன்றுவிட்டால் ஆபத்து மிகக் குறைவு, அதனால் நடந்து வந்த அன்றைக்கே பார்க்கவேண்டும். உன்னையும் பார். முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டி இறுக்கும் இடம், தலைமயிர் தொடங்கும் இடம். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் சிவப்பாக ஒரு தடிப்பு வட்டமாகப் பரவினால் டொக்டரிடம் போ, பார்ப்போம் என்று இருக்காதே. முதுகையும் பிடரியையும் தன் கண்ணால் பார்க்க ஏலாது. இன்னொருவர்தான் பார்க்கவேண்டும்.

மழை தொடங்கிவிட்டது. விதைப்பு முடிந்தது. முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் இன்னும் கீழேதான். மற்றப்படி இங்கே புதினம் ஒன்றும் இல்லை.

அதே படத்தில் பின்னால் இரண்டு கறுத்த மாடுகள் நிற்கின்றன, நடுவில் வெள்ளைப் பட்டி போட்டவை. பெல்ற்றட் கலோவே இனம், ஸ்கொட்லாந்து மாடு. கொம்பில்லை என்று கிட்டப் போகாதே. பால் கறக்கிற மாடு ஆள் கைக்குப் பழகினது. இறைச்சிக்கு வளர்க்கிற மாட்டோடு கன்றும் கூடவே மேயும், கன்றோடு நிற்கிற மாட்டுக்கு நாய் என்றால் நரிதான். கன்றுக்கும் தாய்க்கும் நடுவாலே ஒருநாளும் போகாதே. சுற்றிப் போ, வேலிக் கடவை எங்கே என்று முதலே பார்த்து வை. மணியைக் குட்டைக் கயிற்றில் பிடி. மாடு உன்னை நோக்கி ஓடிவந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடு. அது குறி வைப்பது நாயை. மணி ஓடித் தப்பும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீதான் மிதிபடுவாய். நம்முடைய காட்டிலும் இதே கணக்குத்தான். யானையைக் கண்டு குரைத்த நாய் சொந்தக்காரனின் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னாலே யானையும் வரும்.

செம்மறிக் கூட்டம் கண்டால் கேள்வியே இல்லை, கயிறு. மணி கடிக்காது என்று நீ சொல்வாய். கடிக்கத் தேவையில்லை. சினையாடு துரத்துப்பட்டுப் பயந்தாலே குட்டி விழுந்துவிடும். அந்த நாட்டில் 1953ஆம் ஆண்டிலிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, ஆட்டைக் கலைக்கிற நாயைப் பண்ணைக்காரன் சுட்டாலும் பல நேரங்களில் சட்டம் அவன் பக்கம் நிற்கும். பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கயிறு 2 மீற்றருக்கு மேலே நீளக்கூடாது.

வழியை விட்டு இறங்காதே. சின்ன வயதில் உனக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தோம், ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே மிதிவெடிச் சிவப்புப் பலகை இல்லை. ஆனால் உண்ணி இருப்பது பன்னச் செடிக்குள்ளும் உயர்ந்த புல்லுக்குள்ளும்தான், வெட்டின பாதையில் குறைவு.

அந்த மலை வெண்சுண்ணப் பாறை. மழை பெய்தால் வழுக்கும். இடையிடையே சக்கிமுக்கிக் கல் உடைந்து கிடக்கும், அதன் விளிம்பு கண்ணாடிபோல் வெட்டும். மணியின் பாதம் வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரால் கழுவி, சுத்தமான துணி வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்து. இடையில் தூக்கிப் பார்க்காதே, உறைந்தது பிய்ந்துவிடும். விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்து, நகம் இரண்டு தெரிய விட்டுக் கட்டு. நகங்கள் அகன்று விரல் குளிர்ந்தால் கட்டு இறுக்கம், உடனே அவிழ். மேலே ஒரு காலுறை போடு. நோகிற நாய் சொந்தக்காரியையும் கடிக்கும், அதனால் ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் கட்டுவதுதான் முறை. 13 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் மலையால் இறங்க ஏலாது. மேற்சட்டையை விரித்து இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்தால் இறக்கலாம்.

குட்டைத் தண்ணீர் குடிக்க விடாதே. எலிக்காய்ச்சல் அங்கேயும் உண்டு. இங்கே வயலுக்கு இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறார்கள், நாய்க்கு வருடம் ஒரு முறை ஊசி. மணிக்கு இந்த வருடத்து ஊசி போட்டதா? அட்டையை எடுத்துப் பார். தண்ணீர் ஒரு லீற்றர் கொண்டுபோ, அதற்கென்று ஒரு கிண்ணமும். மோல் ஆற்றில் மழைக்குப் பிறகு அந்தக் கல்லு வரிசையால் கடக்காதே, பாலத்தால் போ.

இந்த வயதில் தனி ஒருத்தியாக அந்த நாட்டில் வேலையும் பார்த்து, வீட்டையும் பார்த்து, ஞாயிறு என்றால் மலையும் ஏறுகிறாய் என்று கேட்கிற ஆட்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் பெற்ற தாய்க்கு இரண்டு சொல்லில் பதில் போடுகிறாய், அது சரியில்லை. ஆவணி வரைக்கும் வந்த படங்களில் நீயும் மணியும் நிற்பீர்கள். பிறகு வந்ததெல்லாம் மணி மட்டும் நிற்கிற படம். மருமகனுக்கென்று அம்மா அனுப்பின ஒடியல்மாப் பொதி கிடைத்ததோ என்று அவ கேட்கிறா. இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று இல்லை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு நீங்கள் மணிக்கூட்டைப் பின்னால் திருப்புவீர்கள். மார்கழியில் நாலு மணிக்கு முன்னமே பொழுது படும். இரண்டு மணிக்குத் திரும்பிவிடு, எந்த இடத்தில் நின்றாலும் சரி. விசில் ஒன்று கழுத்தில் போடு. ஆபத்தென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு தரம் ஊதி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப ஊத வேண்டும். ஏறமுன் எந்த வழி என்று எங்களுக்கு ஒரு செய்தி போடு, இறங்கினதும் ஒன்று. நீ இறங்குகிற நேரம் இங்கே இரவு ஒன்பதரை, நாங்கள் படுக்கமாட்டோம். உண்ணியை மறக்காதே, காதைப் பார்.

பொங்கலுக்குக் கொவென்றியில் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நில், மணியையும் கூட்டிக்கொண்டு போ. நான் அவளோடு கதைத்துவிட்டேன். அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். பின்வளவு வேலி அடைத்தது, கீழே இடைவெளி இல்லை என்று சொன்னாள். காரில் மணியைப் பின் இருக்கையில் பட்டி போட்டுக் கட்டு. வெளிக்கிட மூன்று மணித்தியாலம் முன்னமே சாப்பாட்டை நிறுத்து, இல்லையென்றால் சத்தி எடுக்கும். தண்ணீர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அப்பா