அலகு கோணிய குஞ்சு வளர்க்கும் என் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய கோழிக்குஞ்சுக் காணொளியைப் பார்த்தேன். மேலலகு ஒரு பக்கம், கீழலகு ஒரு பக்கம், பாதி திறந்த கத்தரிக்கோல் மாதிரி இருக்கிறது. "இது தேறாது, விட்டுடு" என்று தாத்தா சொன்னாராமே. தேறும். அதற்கு உன் கை வேண்டும், பொறுமையும் வேண்டும். இங்கே மலேசியாவில், நம் பகாவ் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டில் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்க்கிறார்கள், அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீ அலகையே பார்த்துக் கவலைப்படுகிறாய். எனக்குக் கவலை கால்தான். எழுந்து நிற்கப் பார்க்கும்போது இரண்டு காலும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகின்றன, கவனித்தாயா? பெட்டிக்குள் நாளிதழ் விரித்திருக்கிறாய். குஞ்சின் நகத்துக்கு அதில் பிடிமானமே கிடையாது. இன்றைக்கே அதை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான பழைய துண்டைப் போடு, நூல் பிரியாததாகப் பார்த்து.

அப்புறம் மருந்துக்கடையில் துணி பிளாஸ்டர் வாங்கி, நீளவாக்கில் மெல்லியதாக வெட்டிக்கொள். ஒருவர் குஞ்சைப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு காலையும் முட்டிக்குக் கீழே சுற்றி, நடுவில் ஒட்டும் பக்கங்களைச் சேர்த்து ஒட்டவேண்டும். இரண்டு காலுக்கும் நடுவே ஏறக்குறைய 2.5 செ.மீ. இருக்கட்டும். சேர்த்து இறுக்கினால் நிற்காது, விழும். காலையும் மாலையும் விரலைப் பார். வீங்கினாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்து மறுபடி கட்டு. பிறந்த சில நாளுக்குள் கட்டினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நேராகிவிடும். எலும்பு கெட்டியாகிவிட்டால் முடியாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். முட்டி வீங்கிக் கால் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் நீயாகக் கட்டாதே, அது வேறு கோளாறு. கால்நடை மருத்துவரிடம் காட்டு.

சரி, அலகு.

இது நேராகாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள். வளர வளரக் கோணல் கூடவும் செய்யும். யாராவது நாடா போட்டு இழுத்துக் கட்டச் சொன்னால் கேட்காதே. மூக்குத் துளை அடைபடும், வாயும் திறக்காது. உன் வேலை அலகை நிமிர்த்துவது இல்லை, அந்த அலகோடு அதைச் சாப்பிட வைப்பது.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செம்பட்டைக் கோழி இருந்தது. நல்ல கோழி அரிசியை நுனியால் ஒவ்வொன்றாகக் கொத்தும். இதற்கு நுனியும் நுனியும் சேராது. தலையை ஒருச்சாய்த்து, கீழலகைத் தீனிக்குள் விட்டு அள்ளும். அண்ணாந்து நாக்கால் உள்ளே தள்ளும். பாதி கீழே கொட்டும், மறுபடி அள்ளும். மற்ற கோழிகள் தின்று முடித்துப் போன பிறகும் அது அள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விடாப்பிடியைப் பார்த்தால் விட்டுவிட யாருக்கும் மனம் வராது.

ஆகவே தரையில் தீனி இறைக்காதே. குஞ்சுகளுக்கென்று விற்கும் ஸ்டார்ட்டர் தீவனத்தை வெந்நீரில் குழைத்து, ஆறவிட்டு, ஆழமான சின்னக் கிண்ணத்தில் வை. கிண்ணம் அதன் தோள் உயரத்துக்கு வரட்டும், ஒரு பலகைத் துண்டை அடியில் கொடுத்தால் போதும். தண்ணீரும் அலகு முழுக்க முங்கும் ஆழத்தில் இருக்கவேண்டும், ஆனால் குஞ்சே உள்ளே விழக்கூடாது. வாய் குறுகிய சின்னக் குவளை சரியாக இருக்கும். நம் ஊர் வெயிலில் குழைத்த தீனி சீக்கிரம் புளிக்கும், பூசணமும் பிடிக்கும். கொஞ்சமாகக் குழை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. நீ பள்ளிக்குப் போகும் நேரத்துக்குத் தாத்தாவிடம்தான் சொல்லவேண்டும். குருணை மட்டும் போட்டு வளர்க்கவேண்டாம் என்றும் சொல். பி2 வைட்டமின் குறைந்தால் விரல் உள்பக்கம் சுருண்டுபோகும், ஏற்கெனவே கால் பலவீனமான குஞ்சு. அவித்த முட்டை மஞ்சள்கருவை மசித்துக் கொஞ்சம் சேர்க்கலாம்.

தின்றதா இல்லையா என்பதைக் கிண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, சிந்தியதும் அதில் குறைந்திருக்கும். தினமும் பொழுது சாயும்போது கழுத்தடியில், நெஞ்சுக்கு மேலே, விரலால் மெல்லத் தொட்டுப் பார். தீனிப்பை உருண்டையாக, மெத்தென்று இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. தட்டையாக இருந்தால் தூங்கப் போகுமுன் ஊட்டிவிடு.

தனியாக வைக்காதே, கத்திக் கத்தியே சோர்ந்துபோகும். கூடப் பிறந்ததில் சாதுவான ஒன்றைத் துணைக்குப் போடு. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். பகல் வெயிலில் பெரிதாகக் கவலையில்லை, மழை நாளிலும் இரவிலும் விளக்குப் போடு. பெட்டிக்குக் கம்பிவலை மூடி கட்டாயம். செம்பனைக் காட்டிலிருந்து மூசாங் (மரநாய்) வந்துவிடும்.

வளர்ந்த பிறகும் இரண்டு வேலை இருக்கும். அலகு ஒன்றோடொன்று உரசித் தேயாததால் நுனி நீண்டுகொண்டே போகும். நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடு. உள்ளே ரத்த ஓட்டம் உண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதற்கு முன்பே நிறுத்திக்கொள். இன்னொன்று பேன். இறகைக் கோதிவிட அலகு ஒத்துழைக்காது, அதனால் இறக்கைக்கு அடியிலும் வாலுக்குக் கீழும் நீதான் விலக்கிப் பார்க்கவேண்டும்.

தாத்தா மேல் கோபப்படாதே. ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் நின்ற கோழிதான் அவர்களுக்குக் கைச்செலவுக் காசு. வளராத குஞ்சுக்குத் தீனி போட அவர்களால் முடியவில்லை. உன்னால் முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேள்: இந்தக் கோளாறு பரம்பரையாகவும் வரக்கூடும். பெட்டையாக இருந்து முட்டையிட்டால் அவித்துச் சாப்பிடு, அடை வைக்காதே.

எல்லாம் செய்தும் அது மெலிந்துகொண்டே போய், தின்ன மனமில்லாமல் கண்ணை மூடி நின்றால், இழுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போ. வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்வதும் பராமரிப்புதான். நான் உன்னோடு வருகிறேன்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வை. முட்டையிலிருந்து வெளிவந்ததும் குஞ்சு ஏறக்குறைய 30 முதல் 40 கிராம் இருக்கும், அதிலிருந்து ஏறிக்கொண்டே வரவேண்டும். இரண்டு நாள் ஏறாமல் நின்றால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. கட்டுப் போட்ட பிறகு காணொளி அனுப்பு, இடைவெளி சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை