ஞாயிறு கூட்டத்துக்கு வருமுன் படிக்க: 1999 பேஸ்பால் நடுவர்கள் விவகாரம்

வணக்கம். ஒப்பந்தப் பேச்சு இழுத்தால் எல்லோரும் சேர்ந்து ராஜினாமா செய்யலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

நடுவர்களின் ஒப்பந்தம் 1999 டிசம்பர் 31 வரை இருந்தது. அதுவரை வேலைநிறுத்தம் கூடாது என்று அதிலேயே ஷரத்து. அந்தத் தடையைத் தாண்ட, சங்கத்தை நடத்திய வழக்கறிஞர் ரிச்சி பிலிப்ஸ் ராஜினாமா வழியைப் பிடித்தார். செப்டம்பர் 2 முதல் 57 பேர் விலகுவதாக ஜூலை 14 அன்று அறிவிப்பு வந்தது.

தவறு இங்கேதான். வேலைநிறுத்தம் செய்பவர் இன்னும் ஊழியர்தான்; ராஜினாமாவை நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் அவர் வெளியாள். நடுவர்களுக்கு வேலை கொடுத்த லீக்குகள் பேச்சுக்கு வரவில்லை, மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டிகள்) நடுவர்களை வேலைக்கு எடுத்தன. உடனே சங்கத்துக்குள் விரிசல். கடிதத்தைத் திரும்பப் பெறப் பலர் ஓடினார்கள், ஆனாலும் 22 பேருக்கு வேலை போனது. 2001இல் மத்தியஸ்தர் அவர்களில் 9 பேரை மட்டும் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அதற்குள் பழைய சங்கத்தின் இடத்தில் புதிய சங்கம் வந்துவிட்டது.

ஞாயிறு வரும்போது அவரவர் ஒப்பந்த நகலைக் கொண்டுவாருங்கள். முடிவுத் தேதி, வேலைநிறுத்தத் தடை, மத்தியஸ்தம் பற்றிய வரிகளைக் கோடிட்டு வையுங்கள். அதுவரை யாரும் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.