ஆறாவது பிரதியை மலையிலேயே விட்டுவிடுங்கள்

நீலகிரி மாவட்டத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்தும், ஆய்வு செய்யும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. ஊட்டியில் தட்டச்சும் பைண்டிங்கும் செய்யும் சிறு கடை வைத்திருக்கிறேன். உங்கள் மாணவர்கள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, நாளைக் காலையில் கீழே போக வேண்டும்" என்று கண் கலங்கி நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். கீழே என்றால் சமவெளி. பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் விலங்கியல், வரலாறு, வணிகவியல், தமிழ், இயற்பியல் என்று எல்லாத் துறை ஆய்வேடுகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தட்டச்சு செய்கிறவன் வரி தாண்ட முடியாது. நெறியாளர்கள் தாண்டியிருக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் தாண்டினார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்றால் எனக்குத் தீபாவளி. ஒரு முறை ஒரு கல்லூரி ஆசிரியர்கள் அத்தனை பேருடைய தன்விவரக் குறிப்பையும் ஒரே வாரத்தில் அடித்துக் கொடுத்தேன். 'ஆர்வமுள்ள ஆய்வுத் துறை' என்று ஒரு கட்டம். ஒருவருக்குச் சிலந்தி. ஒருவருக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கூலி. திருவாசகம் ஒருவருக்கு, காந்தப் பொருள்கள் இன்னொருவருக்கு. சோலைக்காட்டுப் பாசி, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, படுகர் ஈமச் சடங்கு, எண் கோட்பாடு. தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்று வருகிற மனிதர்தான் அந்தச் சிலந்திக்காரர் என்பது அன்றிரவு பதினொரு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. பத்து வருடமாக அவரும் நானும் மழையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம்.

ஊருக்குத் தெரியாதது இருக்கட்டும். உங்களுக்கே ஒருவரையொருவர் தெரியவில்லையே. ஒரு கோடையில் மூன்று ஆய்வேடுகள் சேர்ந்தாற்போல் என் மேசைக்கு வந்தன. தாவரவியலில் வந்தது மலைச் சதுப்புகளின் புற்களைப் பற்றியது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது அப்படிப்பட்ட ஒரு புல்லைக் கொண்டுதான். வரலாற்றில் வந்தது, வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் பற்றி. பொருளியலில் வந்தது, கேரட் சாகுபடி பள்ளத்து நிலங்களுக்கு இறங்கிய கதை. மூன்றும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆனால் ஒன்றில் மற்றொன்றைப் பற்றி ஒரு வரி இல்லை. துணைநூற்பட்டியலை அடித்தவன் நான், எனக்குத் தெரியாதா? மூன்று துறைகளும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குபவை. மூன்றுக்கும் ஒரே நிறத்தில் ரெக்சின் போட்டேன். என்னால் ஆன ஒருங்கிணைப்பு அவ்வளவுதான்.

வகுப்பறைக் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்காத ஊட்டிக்காரர் இருக்க முடியாது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை ஏன் சமதளத்தில் கட்டாமல் சரிவில் கட்டினார்கள் என்பதை எனக்குச் சொன்னவர் ஓர் இயற்பியல் ஆசிரியர். வினாத்தாள் நகலெடுக்க வந்தவர், மின்சாரம் போனதால் காத்திருந்தார். பேச்சு அங்கே போனது. என் பைண்டிங் அட்டை ஒன்றை எடுத்துப் பசை டப்பாவின்மேல் சாய்த்தார். "அந்தச் சரிவு சுமார் பதினொரு டிகிரி. இந்த இடத்தின் அட்சரேகையும் பதினொன்று. அதனால் இந்த அட்டையின் நீளப் பக்கம் பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பூமி ஒரு பக்கம் சுழலச் சுழல, தொலைநோக்கியை எதிர்ப் பக்கம் அதே வேகத்தில் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். ஒரே பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பார்க்கலாம்." சொல்லிக்கொண்டே அட்டையை இரண்டு விரலால் மெல்லப் புரட்டிக் காட்டினார். சட்டைக் கையில் பசை அப்பியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வகுப்பில் இதைச் சொல்வீர்களா சார்?" என்று கேட்டேன். "பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்றார். மின்சாரம் வந்தது. வினாத்தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆடி மாதம். எங்கள் தொழிலுக்கு ஆகாத காலம் அது. மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும், மைதாப் பசை காயாது, அட்டை வளையும். ஆய்வேடுகளைக் கனத்த பலகைகளுக்கு இடையில் வைத்து அழுத்தி, நூறு வாட் பல்பின் கீழே அடுக்கியிருந்தேன். ரேஷன் கார்டு நகலெடுக்க ஒரு தோடர் பெரியவர் பேத்தியோடு வந்தார். பல்பின் கீழ் இருந்த ஏட்டின் அட்டையில், தங்க எழுத்தில் அவருடைய மந்தின், அதாவது தோடர் குடியிருப்பின், பெயர் இருந்தது. பேத்திதான் படித்துச் சொன்னாள்.

"ஒரு பெண் நான்கு தடவை வந்து பாட்டெல்லாம் பதிவு செய்துகொண்டு போனாள். புத்தகம் ஆகிவிட்டதா? எனக்கு ஒன்று கொடு தம்பி" என்றார்.

இருந்தவை ஐந்து பிரதிகள். பல்கலைக்கழகத்துக்கு, துறைக்கு, நெறியாளருக்கு, மாணவிக்கு என்று ஐந்துக்கும் ஆள் இருந்தது. பாடியவருக்கு இல்லை. அந்த மாணவிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, பாட்டு இருந்த பதினான்கு பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன். ரோமன் எழுத்து, கீழும் மேலும் புள்ளிகள். தோடர் மொழியின் ஒலிகளுக்கு அத்தனை புள்ளிகள் வேண்டும். கணினியில் விழாத புள்ளிகளை நானும் அந்த மாணவியும் இரண்டு நாள் உட்கார்ந்து கறுப்பு மையால் கையால் வைத்திருந்தோம். பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தப்பு. அந்த எருமையின் பெயர் இது இல்லை."

ஏடு கட்டி முடிந்துவிட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அது கீழே போனது, தவறான எருமையின் பெயரோடு.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட புத்தகம் இன்றும் கிடைக்கிறது. 1930களில் இங்கே தங்கியிருந்த மொழியியலாளர் எமனோ சேகரித்த பாட்டுகளும் கிடைக்கின்றன. நம் ஊர்ப் பெண் நம் ஊர் மந்துக்கு நடந்து போய் எழுதியது மட்டும் நம் ஊரில் கிடைக்காது.

"இணையத்தில் இருக்கிறதே" என்பீர்கள். உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார்கள். அதில் தேட ஏட்டின் தலைப்போ எழுதியவர் பெயரோ தெரிய வேண்டும். பெரியவருக்குத் தெரிந்தது எருமையின் பெயர். எம்.ஃபில். படிப்பை 2022 விதிமுறைகள் கைவிட்டபின், உள்ளூர்ச் சந்தை, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் என்று கைக்கு அடக்கமான விஷயங்களை எடுத்துக்கொண்டு வந்த மெல்லிய ஏடுகளும் என் கடைக்கு வருவது குறைந்துவிட்டது.

ஆய்வு ஊரை எட்டவே எட்டாது என்றில்லை. நீலகிரி உருளைக்கிழங்கில் நூற்புழுவை 1961இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் புழுவைத் தாங்கும் குப்ரி சுவர்ணா ரகம் முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயலுக்கு வந்தது. புழு அவசரப்படுத்தியது, வந்துவிட்டது. சிலந்திக்கும் பாட்டுக்கும் அப்படி அவசரப்படுத்த ஆள் இல்லை.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு, பைண்டிங் கூலியை மூன்று தவணையாகக் கொடுத்தவர்கள் உங்களில் உண்டு. ஊர்க்காரனுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வதால் பதவி உயர்வுப் படிவத்தில் பெரிதாக ஒன்றும் ஏறிவிடாது என்பதும் தெரியும்; அந்தப் படிவத்தையும் நான்தானே அடிக்கிறேன்.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி கட்டும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் ஆறாவதாக ஒரு பிரதி. அது ஊட்டியின் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டு பீரோவின்மேல் தூசு படிந்து கிடக்கிறதே, உங்களுடைய சொந்த ஆய்வேடு, அதையும் இறக்குங்கள். முன்னால் தமிழில் பத்துப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: எதைத் தேடினீர்கள், எந்த ஊரில், யாரைக் கேட்டீர்கள், என்ன கிடைத்தது. வரலாற்றுக்காரர் தாவரவியல்காரருடைய பத்துப் பக்கத்தையாவது படிக்கட்டும். பின்னால் இருபது வெற்றுத் தாள்களை நான் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். எருமையின் பெயர் தெரிந்தவர்கள் வந்து எழுதிவிட்டுப் போவார்கள்.

ஆறாவது பிரதிக்குக் கூலி வேண்டாம், தங்க எழுத்து உட்பட. வைகாசிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். ஆனி பிறந்துவிட்டால் பசை காயாது.

இப்படிக்கு,
பைண்டிங் கடைக்காரன்,
ஊட்டி